கடனுக்கு ரொட்டி கொடுத்த கிராமம்

ஜெர்மனியில் ரைன் ஆற்றுக்குக் கிழக்கே, கொலோன் நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, மேடும் பள்ளமுமாக ஒரு காட்டுப் பகுதி இருக்கிறது. பெயர் வெஸ்டர்வால்ட், மேற்குக் காடு என்று அர்த்தம். மலை என்று சொல்கிறார்களே தவிர, அதன் மிக உயரமான இடமே 657 மீட்டர்தான். ஆனால், காற்று மட்டும் பெரிய மலைக்காற்று. குளிர்காலம் நீளம், வெயில் காலம் குறைவு. பல இடங்களில் மேல்மண் ஆழமில்லை. கொஞ்சம் தோண்டினாலே கல். உருளைக்கிழங்கு, ஓட்ஸ், கோதுமைக்குத் தங்கச்சியான ரை தானியம், மாட்டுக்குப் புல்... இவ்வளவுதான் அந்த மண் கொடுக்கும்.

இந்தப் பகுதியில், ஆல்டன்கிர்ஷன் மாவட்டத்தில் இருக்கிறது வையர்புஷ். இன்றைக்கும் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத சின்ன ஊர். ஒரு நெடுஞ்சாலை ஊரை அறுத்துக்கொண்டு போகிறது. அந்தச் சாலையில் போகிறவர்கள் பெரும்பாலும் நிற்காமலே போய்விடுவார்கள். ஆனால், உலகம் முழுக்க விவசாயிகள் படியேறும் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் கதை, இந்த ஊரில் 1846-47 குளிர்காலத்தில் ஒரு ரொட்டி அடுப்பில் தொடங்கியது.

விதைக்கிழங்கையும் தின்ற குளிர்காலம்

அப்போது இந்தப் பகுதி பிரஷ்ய அரசின் கையில் இருந்தது. விவசாயிகள் பண்ணையடிமைத்தனத்திலிருந்து சட்டப்படி விடுபட்டிருந்தார்கள். நிலம் அவர்களுடையது. ஆனால், விடுதலை கிடைத்த கையோடு கடனும் வந்து சேர்ந்தது. முன்பு தானியமாகவும் உழைப்பாகவும் கொடுத்ததை இப்போது காசாகக் கொடுக்க வேண்டும். அப்பன் நிலத்தைப் பிள்ளைகள் எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் வயல் துண்டு துண்டானது. ஏர் திரும்ப இடமில்லாத துண்டுகளும் உண்டு.

1845-ல் ஐரோப்பா முழுக்க உருளைக்கிழங்கில் கருகல் நோய் வந்தது. அயர்லாந்தில் லட்சக்கணக்கானவர்களைப் பலிவாங்கிய அதே நோய். அடுத்த ஆண்டு ரை தானியமும் கைவிட்டது. கிழங்கும் இல்லை, மாவும் இல்லை. இருந்ததற்கும் விலை எட்டவில்லை. குளிர்காலத்தில் வையர்புஷ் வட்டாரத்தில் அடுத்த ஆண்டு விதைப்புக்கு வைத்திருந்ததையும் எடுத்துத் தின்ன வேண்டிய நிலைமை.

அந்த வட்டாரத்தின் மேயராக 1845-ல் வந்து சேர்ந்திருந்தவர் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன். வயது 30-கூட ஆகவில்லை. பக்கத்து ஊரான ஹம்மில் 1818 மார்ச் 30 அன்று பிறந்தவர். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். மேல்படிப்புக்கு வசதியில்லாததால், ஊர் பாதிரியாரிடம் பாடம் படித்துவிட்டு 17 வயதில் பட்டாளத்துக்குப் போனார். கண் நோய் வந்ததால் பட்டாளம் விட்டு அரசு அலுவலுக்கு மாறினார். அங்கே மேயர் என்பது ஓட்டு வாங்கி வரும் பதவியில்லை. பல கிராமங்களை நிர்வகிக்க அரசு நியமிக்கும் அதிகாரி. தாசில்தார் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

பஞ்சத்துக்காக அரசு கிடங்கிலிருந்து மாவு வந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது: ரொக்கம் கொடுப்பவர்களுக்குத்தான் மாவு. ரொக்கம் வைத்திருப்பவனுக்கு எதற்குப் பஞ்ச நிவாரணம்? ரைஃபைசன் உத்தரவை மீறினார். ஊரில் வசதியுள்ளவர்களைக் கூட்டி, ஆளுக்கொரு தொகை போடச் சொல்லி ஒரு நிதி சேர்த்தார். 'ரொட்டிச் சங்கம்' என்று பெயர். மாவைக் கடன் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். ஊருக்குப் பொதுவாக ஓர் அடுப்புக் கூடம் கட்டி, அதிலேயே ரொட்டி சுட்டார்கள். வெளியே விற்ற விலையில் ஏறக்குறைய பாதிக்கு ரொட்டி கிடைத்தது. வசந்த காலத்தில் விதைக்கிழங்கும் வாங்கிக் கொடுத்தார்கள். பஞ்ச நிவாரணத்தில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் அதுதான். வயிற்றுக்குப் போட்டுவிட்டு வயலை மறந்துவிடுவார்கள்.

அறுவடை வந்ததும் சனங்கள் கடனைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏழைக்குக் கொடுத்தால் திரும்பாது என்று அன்றைக்குப் பட்டணத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு இது புதுச் செய்தி.

அடுப்புக்குச் சீட்டுக் குலுக்கல்

ஊர்ப்பொது அடுப்பு என்பது ரைஃபைசன் கண்டுபிடித்தது அல்ல. வெஸ்டர்வால்டில் பல கிராமங்களில் அது பழைய வழக்கம். 'பாக்கஸ்' என்று வட்டார வழக்கில் சொல்கிறார்கள். கல்லால் கட்டிய சின்னக் கட்டடம், உள்ளே குகை மாதிரி அடுப்பு. சில ஊர்களில் இதே கட்டடத்தின் மாடியில்தான் பள்ளிக்கூடமும் ஊர்க்கூட்டமும் நடந்தன. அடுப்புச் சூடு வீணாகாமல் மேலே ஏறும் அல்லவா!

வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டினால் விறகு கட்டுப்படியாகாது, தீப்பிடிக்கும் பயமும் உண்டு. அதனால், முறை வைத்துச் சுட்டார்கள். சுள்ளிக் கட்டுகளை அடுப்புக்குள்ளேயே போட்டு எரித்து, கல் நன்றாகச் சூடேறியதும் தணலை வெளியே வாரிவிட்டு, ஈரத் துணியால் துடைத்து, மாவை உள்ளே தள்ள வேண்டும். பெரிய பெரிய ரொட்டியாகச் சுட்டு வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். இதில் ஒரு சிக்கல். ஆறிக்கிடக்கும் அடுப்பை முதலில் சூடேற்றுகிற வீட்டுக்கு விறகு அதிகம் செலவாகும். அடுத்தடுத்து வருகிறவர்களுக்குக் கொஞ்சம்தான் ஆகும். யார் முதலில் என்று சண்டை வராமல் இருக்கச் சீட்டுக் குலுக்கிப்போட்டார்கள். கூட்டுறவுச் சட்டம் எழுதுவதற்கு முன்பே இப்படிப் பல கணக்குகளை அந்தக் கிராமங்கள் பேசித் தீர்த்திருந்தன. ரைஃபைசனுக்குக் கிடைத்த ஊர்கள் அப்படிப்பட்டவை.

வையர்புஷ்ஷில் இன்றைக்கும் அவர் நினைவாக ஓர் அடுப்புக் கூடம் நிற்கிறது.

யாருடைய மாடு?

1848-ல் ரைஃபைசனைத் தெற்கே சில கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஃப்ளாமர்ஸ்ஃபெல்டுக்கு மாற்றினார்கள். அங்கே பசியைவிடப் பெரிய வியாதி, மாட்டுக்கடன். ஏர் இழுக்க, பால் கறக்க, எரு போட மாடு இல்லாமல் அந்த மண்ணில் ஒரு போகமும் எடுக்க முடியாது. மாடு வாங்கக் காசு இல்லாத விவசாயிக்கு வட்டிக்காரர் மாட்டைக் கொண்டுவந்து தொழுவத்தில் கட்டுவார். மாடு அவருடையது. தீனியும் பராமரிப்பும் விவசாயியுடையது. கன்றிலும் லாபத்திலும் பங்கு அவருக்கு. தமிழ்நாட்டில் மாட்டை வாரத்துக்கு வளர்க்கிறார்களே, அந்த மாதிரிதான். ஆனால், அங்கே கணக்கு எழுதுகிறவர் ஒருவர் மட்டும். நல்ல மாடாகத் தேறினால் ஓட்டிக்கொண்டு போய்விட்டு, நோஞ்சானைக் கட்டிவிட்டுப் போகவும் அவரால் முடியும். கடன் ஏறி ஏறி, கடைசியில் வயல் கைமாறும்.

1849 டிசம்பரில் ரைஃபைசன் அங்கே ஒரு உதவிச் சங்கம் தொடங்கினார். வசதியுள்ள சுமார் 60 பேர் சேர்ந்து, 'இந்தக் கடனுக்கு நாங்கள் எல்லோரும் பொறுப்பு' என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்தை நம்பி வெளியிலிருந்து பணம் வந்தது. சங்கம் மாடு வாங்கி விவசாயியிடம் கொடுக்கும். அவர் ஐந்து ஆண்டுகளில் தவணை தவணையாக அடைக்க வேண்டும். மாடு என்ன சம்பாதிக்குமோ, அதற்குத் தகுந்த தவணை. இந்த ஐந்து ஆண்டு என்கிற விஷயம் சாதாரணமானதல்ல. வட்டிக்காரர் கடனின் கெடு சில மாதங்கள். கன்று ஈன்று பால் தருவதற்குள் கெடு முடிந்துவிடும். விவசாயக் கடனின் கெடு பயிரையும் மாட்டையும் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்பதை இந்தச் சின்ன ஊர் அன்றைக்கே நடைமுறையில் காட்டியது.

ஃப்ளாமர்ஸ்ஃபெல்டில் அவர் குடியிருந்த மரச்சட்ட வீடு இன்றைக்கு அருங்காட்சியகம். கறுப்பு மரச்சட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சுவர் வைத்த, அந்தப் பக்கத்துக் கிராமங்களில் நிறையப் பார்க்கக்கூடிய வீடு.

தர்மம் களைத்துப்போன இடம்

1852-ல் ரைன் கரையோரம் நோய்வீட் நகரத்துக்குப் பக்கத்திலிருந்த ஹெட்டஸ்டோர்ஃபுக்கு மேயராகப் போனார். 1854-ல் அங்கேயும் ஒரு சங்கம். இந்த முறை ஆசை பெரிது: மாட்டுக்கடன், ஆதரவற்ற பிள்ளைகளை வளர்ப்பது, வேலையில்லாதவர்களுக்கு வேலை, சிறையிலிருந்து வந்தவர்களுக்கு மறுவாழ்வு. எல்லாமே பணக்காரர்களின் கையெழுத்தை நம்பித்தான்.

சில ஆண்டுகளில் பணக்காரர்கள் சலித்துப்போனார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை. லாபம் எதுவும் இல்லை; கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் தன் சொத்து போகும். பஞ்சம் கண்ணெதிரே இருக்கும்போது இரக்கம் தானாக வரும். விளைச்சல் நன்றாக இருக்கிற வருஷத்தில் யாருக்கு அது நினைவிருக்கும்? ஒவ்வொருவராக விலகினார்கள்.

ரைஃபைசன் பக்திமான். வசதியுள்ளவர் இல்லாதவருக்குக் கொடுப்பது கடமை என்று உறுதியாக நம்பியவர். அதை விட்டுவிட்டு, கடன் வாங்குகிறவர்களே சங்கத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற முடிவுக்கு வர அவருக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. 1862-ல் மலைப்பக்கம் அன்ஹவுசனில் அந்த மாதிரிச் சங்கம் ஒன்று வந்தது. 1864-ல் ஹெட்டஸ்டோர்ஃப் சங்கத்தையே கலைத்து, 'கடன் நிதிச் சங்கம்' என்று மாற்றி அமைத்தார். கடன் வேண்டுமா, உறுப்பினராகச் சேர். சேர்ந்தால் எல்லோருடைய கடனுக்கும் நீயும் பொறுப்பு. இன்றைய கடன் சங்கத்தின் அடித்தளம் இந்த இரண்டு விதிகள்தான்.

இரண்டு ஏக்கர் வைத்திருந்தும் சங்கத்தில் சேர்ந்தது ஏன்?

பட்டணத்து வங்கிக்காரர் முன்னால் இரண்டு ஏக்கர் விவசாயி தனியாகப் போய் நின்றால் வாசலோடு அனுப்பிவிடுவார். அதே மாதிரி 60 பேர் சேர்ந்து, 'எங்கள் மொத்த நிலமும் வீடும் மாடும் இந்தக் கடனுக்கு ஜாமீன்' என்று எழுதிக்கொடுத்தால், அது 120 ஏக்கர் பண்ணைக்காரரின் கையெழுத்து. இதற்கு வரம்பில்லாப் பொறுப்பு என்று பெயர். சங்கம் கவிழ்ந்தால் போட்ட பங்குப் பணத்தோடு போகாது. கடைசி மாடு வரை போகும்.

கேட்கவே பயமாக இருக்கும் விதி. ஆனால், மற்ற எல்லா நல்ல பழக்கங்களும் இந்தப் பயத்திலிருந்துதான் வந்தன. கண்டவரையும் உறுப்பினராகச் சேர்க்க மாட்டார்கள். ஒரு சங்கத்தின் எல்லை ஒரு ஊர், அல்லது ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் சில ஊர்கள். அதைத் தாண்டக் கூடாது. ஏனென்றால், யார் உழைப்பாளி, யார் குடிகாரர், யாருடைய தொழுவத்தில் மாடு ஒழுங்காக இருக்கிறது என்பது அந்த எல்லைக்குள்தான் தெரியும். எதற்குக் கடன் என்று கேட்பார்கள். மாடு வாங்குவதாகச் சொல்லி வாங்கிக் கல்யாணத்துக்குச் செலவழித்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரிந்துவிடும். நான்கு வார அறிவிப்பில் கடனைத் திரும்பக் கேட்கும் உரிமை சங்கத்துக்கு இருந்தது.

தலைவருக்கும் நிர்வாகக் குழுவுக்கும் சம்பளம் கிடையாது. கணக்கு எழுதுகிறவருக்கு மட்டும் சிறு ஊதியம். ஆனால், கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் அவருக்கு ஓட்டு இல்லை. மிஞ்சும் லாபத்தைப் பங்கு பிரிக்கக் கூடாது. பொது நிதியில் சேர்க்க வேண்டும். சங்கத்தையே கலைத்தாலும் அந்த நிதியைப் பிரித்துக்கொள்ள முடியாது. இந்தக் கடைசி விதி கொஞ்சம் குயுக்தியானது. சேர்ந்துகிடக்கும் பணத்தைப் பார்த்து ஆசைப்பட்டுச் சங்கத்தைக் கலைக்க நினைக்கும் ஆட்களுக்கு வைத்த பூட்டு.

இந்த ஏற்பாட்டுக்கு எதிர்ப்பும் இருந்தது. நகரத்துக் கைவினைஞர்களுக்குக் கடன் சங்கங்கள் ஏற்படுத்திப் புகழ்பெற்ற ஷுல்ட்சே-டெலிட்ஷ், ரைஃபைசனின் முறையைக் கடுமையாகச் சாடினார். பங்குத் தொகை வாங்காமல், நீண்ட கெடுவுக்குக் கடன் கொடுத்தால் சங்கம் நிற்காது என்பது அவருடைய வாதம். மூன்று மாதத்தில் சரக்கை விற்றுக் காசு பார்க்கும் தச்சருக்கும் தையல்காரருக்கும் அது சரி. பன்னிரண்டு மாதமும் மண்ணில் காசைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறவனுக்கு எப்படிப் பொருந்தும்?

மகளின் கையெழுத்தில் ஒரு புத்தகம்

1863-ல் ரைஃபைசனின் மனைவி எமிலி இறந்துபோனார். அவருடைய கண் பார்வையும் வர வர மங்கியது. 47 வயதில், 1865-ல் பதவியிலிருந்து ஓய்வு. கிடைத்த ஓய்வூதியம் குடும்பத்துக்குப் போதவில்லை. சுருட்டுத் தொழிற்சாலை வைத்துப் பார்த்தார். பிறகு ஒயின் வியாபாரம் செய்தார். ஊர் ஊராகக் கடன் சங்கம் வைத்துக்கொடுத்தவர், தன் வீட்டுச் செலவுக்குச் சுருட்டு விற்றிருக்கிறார்.

மூத்த மகள் அமாலிதான் அவருக்குக் கண். அவர் சொல்லச் சொல்ல மகள் எழுத, 1866-ல் கடன் நிதிச் சங்கங்களைப் பற்றிய புத்தகம் வெளிவந்தது. தத்துவம் பேசும் புத்தகம் அல்ல அது. சங்கம் எப்படித் தொடங்குவது, கணக்கு எப்படி எழுதுவது, பத்திரம் எப்படித் தயாரிப்பது என்று ஒரு கிராமத்து ஆள் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கக்கூடிய கையேடு. அது பரவியதற்குக் காரணமும் அதுவே. 1872-ல் சங்கங்களுக்கெல்லாம் பொதுவாக நோய்வீடில் ஒரு மத்திய வங்கி வந்தது. ஒரு ஊரில் பணம் மிஞ்சியிருக்கும் நேரத்தில் இன்னொரு ஊரில் விதைப்புக்குத் தட்டுப்பாடு இருக்கும். இரண்டையும் இணைக்க ஓர் இடம். 1888 மார்ச் 11 அன்று அவர் இறந்தபோது, அவருடைய கூட்டமைப்பில் நானூறுக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருந்தன.

வையர்புஷ்ஷிலும் ஃப்ளாமர்ஸ்ஃபெல்டிலும் மேயராக இருந்தபோது அவர் பிடிவாதமாகச் செய்த இன்னொரு வேலை சாலை. மலைமேல் விளைவதை ரைன் கரைச் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லை என்பதால், ஹம்மிலிருந்து வையர்புஷ், ஃப்ளாமர்ஸ்ஃபெல்ட் வழியாக ஹெட்டஸ்டோர்ஃப் வரை பாதை அமைக்கப் பாடுபட்டார். கடன் கொடுத்து மாடு வாங்கித்தந்து, பாலை விற்க வழி இல்லாமல் விட்டால் என்ன பயன்? இன்றைக்கு அந்த வழித்தடத்துக்கு ரைஃபைசன் சாலை என்றே பெயர்.

மதராஸுக்கு வந்த பெயர்

அவர் இறந்து சில ஆண்டுகளில் இந்தப் பெயர் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தது. கோயம்புத்தூர் மாவட்டத்தைப் பற்றிய விரிவான நூலை எழுதிய பிரிட்டிஷ் அதிகாரி ஃப்ரெடெரிக் நிக்கல்சனை, விவசாயிகளின் கடன் தொல்லைக்கு வழி கண்டு சொல்லுமாறு மதராஸ் அரசு கேட்டது. அவர் ஐரோப்பிய முறைகளையெல்லாம் ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரண்டு பாகமாக அறிக்கை கொடுத்தார். அதன் சாரத்தை இரண்டே சொல்லில் அடக்கினார்: ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள். ஜெர்மனிக்குப் போய்த் தேடச் சொல்லவில்லை. தன் ஊருக்காக அப்படி நிற்கக்கூடிய ஆளை இங்கே கண்டுபிடிக்கச் சொன்னார்.

1904-ல் இந்தியாவுக்குக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. கிராமச் சங்கங்களுக்கு வரம்பில்லாப் பொறுப்பு என்ற ரைஃபைசன் விதியையே அது எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு திருவள்ளூருக்குப் பக்கத்தில் திரூரில் நாட்டின் முதல் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கியது. ஆனால், அது அரசு கொண்டுவந்த சட்டத்தின் கீழ், அரசுப் பதிவாளரின் மேற்பார்வையில் பிறந்த சங்கம். வையர்புஷ்ஷிலோ, அதிகாரியே அரசு உத்தரவை மீறித்தான் முதல் சங்கத்தை வைத்தார்.

இன்றைய ஊர்

வரம்பில்லாப் பொறுப்பு ஜெர்மனியிலேயே இப்போது பழங்கதை. 1889-ல் வந்த சட்டம் பொறுப்புக்கு வரம்பு வைத்துக்கொள்ள அனுமதித்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். ஒரு ஊருக்கு ஒரு சங்கம் என்பதும் போய்விட்டது. 1970-ல் 7,000-க்கு மேல் இருந்த கூட்டுறவு வங்கிகள், ஒன்றோடொன்று இணைந்து இப்போது 700-க்கும் கீழே வந்துவிட்டன. உறுப்பினர்கள் என்னவோ சுமார் 1.8 கோடிப் பேர் இருக்கிறார்கள். வங்கி வளர்ந்தது. தொழுவத்தில் மாடு எப்படி இருக்கிறது என்று தெரிந்த கமிட்டிதான் இல்லை. அந்த இடத்தில் இப்போது கணினி மதிப்பெண் இருக்கிறது. நெதர்லாந்தின் ராபோபேங்க் பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்துகளும் ரைஃபைசன்தான் என்பது அங்கே கணக்கு வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

விவசாயிகளும் குறைந்துவிட்டார்கள். ஜெர்மனியில் 2023 கணக்குப்படி சுமார் 2,55,000 பண்ணைகள்தான். சராசரி பரப்பு 65 ஹெக்டேர். துண்டு வயல்கள் பெரும்பாலும் ஒன்றுசேர்க்கப்பட்டு, வெஸ்டர்வால்டில் பல சரிவுகள் புல்வெளியாகவே கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் நிறையப் பேர் காரில் வெளியூர் வேலைக்குப் போகிறார்கள். காட்டிலும் புதுக் கவலை. 2018-லிருந்து தொடர்ந்து வந்த வறட்சியாலும் பட்டை வண்டாலும் ஸ்ப்ரூஸ் மரங்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ந்துபோயின. மொட்டையடித்த மாதிரி நிற்கும் சரிவுகளில் இப்போது பல இன மரங்களைக் கலந்து வளர்க்கப் பார்க்கிறார்கள்.

நடைப்பயணிகள் மட்டும் வருகிறார்கள். வெஸ்டர்வால்டைக் குறுக்காகக் கடக்கும் 235 கிலோமீட்டர் நடைபாதை வையர்புஷ், ஃப்ளாமர்ஸ்ஃபெல்ட் வழியாகப் போகிறது. வட்டாரத்தில் பல ஊர்களில் பழைய அடுப்புக் கூடங்களைச் செப்பனிட்டு, விசேஷ நாள்களில் சுள்ளி போட்டு மூட்டி ரொட்டி சுடுகிறார்கள். நவம்பர் மாதம் புனித மார்ட்டின் திருநாள் வந்தால், வசதியான வீடுகளில் வாத்துக்கறி. வாத்து வாங்க வழியில்லாதவர்கள் அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கைத் துருவி, வெங்காயம், முட்டை, கொஞ்சம் பன்றிக்கறி சேர்த்து, இரும்புச் சட்டியில் அடுப்புக்குள் தள்ளி வைப்பார்கள். மேலே முறுகலாக, உள்ளே மெத்தென்று வரும். 'டோப்பகூக்கே' என்று பெயர். இப்போது வாத்து வாங்க வசதி உள்ளவர்களும் அன்றைக்கு அதைத்தான் கேட்டுச் சாப்பிடுகிறார்கள்.